நிலமும் நூலும்: நியூயார்க் பொதுநூலகம் எழுந்த வரலாறு

பொதுநூலகம் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் நூல்களிலிருந்தோ அதன் கொடையாளரிடமிருந்தோ தொடங்குவர். நாம் அதன் நிலத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம். நூல்கள் இருந்தும், ஓரளவு பணம் இருந்தும், அவற்றை ஒருங்கே வைக்க மனை இல்லையெனில் நூலகம் பிறப்பதில்லை. மனைவிலை வானளாவ உயர்ந்த ஒரு பெருநகரின் நடுவே அத்தகைய இடத்தைப் பெறுவது எங்ஙனம்? நியூயார்க் நகரம் 1897ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடை கண்டது. அவ்விடை விற்பனையன்று, பரிமாற்றம். நகரம் தன் நிலத்தைத் தந்தது. தனியார் அறக்கட்டளை ஒன்று தன் நூல்களைத் தந்தது. இரண்டும் யாருக்காகத் தரப்பட்டன என்பதே நாம் ஆராய வேண்டுவது.

1. ஒன்றுக்கொன்று குறைபட்ட மூன்று கொடைகள்

தோல் வணிகத்திலும் மனை வணிகத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டிய ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1848இல் மரித்தபோது, நூலகம் ஒன்றை நிறுவ 4,00,000 டாலர் எழுதிவைத்திருந்தார். 1854இல் திறக்கப்பட்ட அந்நூலகம் அறிஞருக்குப் பெரும்பயன் அளித்தது. ஆயினும் நூல்கள் இரவல் தரப்படவில்லை; பொழுது சாய்ந்தபின் கதவும் திறந்திருக்கவில்லை. நாள் முழுதும் உழைக்கும் தொழிலாளிக்கு அது இருந்தும் இல்லாததே.

இரண்டாமவர் ஜேம்ஸ் லெனாக்ஸ். பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள செல்வர். அரிய வேதாகமப் பதிப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். கூட்டன்பர்க் அச்சிட்ட வேதாகமத்தின் பிரதி ஒன்றை 1847இல் வாங்கினார். அமெரிக்க மண்ணுக்கு முதன்முதல் வந்த பிரதி அதுவே. அவர் 1870இல் நிறுவிய நூலகம் ஐந்தாம் அவென்யூவில் அழகிய கட்டிடத்தில் அமைந்தது. அங்கு நுழையவோ அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது.

மூன்றாமவர் சாமுவேல் டில்டன். நியூயார்க் மாநில ஆளுநராக இருந்தவர். 1876ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் வாக்குகளை அதிகம் பெற்றும் பதவியை இழந்தவர். 1886இல் அவர் மரித்தபோது, இலவச நூலகமும் படிப்பகமும் நிறுவுவதற்கெனத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை விட்டுச் சென்றார். உறவினர் வழக்குத் தொடுத்தனர். 1891இல் அவ்விருப்ப ஆவணப் பகுதி செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. வாரிசு ஒருவருடன் செய்துகொண்ட இணக்கத்தினால் மட்டும் ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் அறப்பணிக்குத் தப்பியது.

ஆஸ்டர், லெனாக்ஸ் நூலகங்களில் நூல்கள் இருந்தன. அவற்றை வளர்க்கப் போதிய நிதி இல்லை. டில்டன் அறக்கட்டளையில் நிதி இருந்தது. அதற்கென ஓர் இல்லம் இல்லை. 1895 மே 23 அன்று மூன்றும் ஒன்றாயின. ஏறத்தாழ மூன்றரை லட்சம் நூல்கள் ஒரே உரிமையின்கீழ் வந்தன. ஆனால் அவற்றை வைக்கும் இடம் எது?

2. ஏழைகளின் கல்லறையும் நகரின் தண்ணீரும்

ஐந்தாம் அவென்யூவும் நாற்பத்திரண்டாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நகரத்துக்குச் சொந்தமான நிலம் இருந்தது. அந்நிலப்பரப்பு 1823இல் ஏழைகளையும் முகவரியற்றோரையும் அடக்கம்பண்ணும் இடமாக ஒதுக்கப்பட்டது. இத்தகைய இடங்களை அந்நாட்டார் 'குயவன் நிலம்' என்றே அழைப்பர். அந்நியரை அடக்கம்பண்ணுவதற்கென வாங்கப்பட்ட நிலத்தைப் பற்றி மத்தேயு 27ஆம் அதிகாரம் கூறுவதிலிருந்தே இப்பெயர் வந்தது என்பதை நம் வாசகர் அறிவர். 1840இல் அப்பயன்பாடு முடிவுற்றது. உடல்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

1832இல் காலராவும் 1835இல் பெருந்தீயும் நகரை வாட்டியிருந்தன. இரண்டும் நல்ல தண்ணீரின் இன்றியமையாமையை உணர்த்தின. குரோட்டன் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 41 மைல் தொலைவு கால்வாய் அமைத்து நீர் கொண்டுவந்தனர். 1842இல் அந்நிலத்தின் கீழ்ப்பகுதியில் நான்கு ஏக்கர் பரப்பில் நீர்த்தேக்கம் எழுந்தது. அதன் மதில்கள் ஏறத்தாழ 50 அடி உயரமும் 25 அடி அகலமும் உடையன. அது இரண்டு கோடி காலன் நீர் கொள்ளும். 1890இல் புதிய கால்வாய் திறக்கப்பட்டபின் அதன் தேவை குன்றியது.

ஆக, நூலகத்தார் கண்வைத்த நிலம் வெற்றுநிலமன்று. ஏழைகளின் உடலுக்கும், பின்னர் நகரத்தார் அனைவரின் தாகத்துக்கும் பயன்பட்ட பொதுநிலம் அது.

3. உடன்படிக்கை

1896 மார்ச்சில் அறங்காவலர் நகர மேயர் வில்லியம் ஸ்டிராங்கிடம் விண்ணப்பம் வைத்தனர். மறு ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. 1897 டிசம்பரில் நகரமும் நூலகமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நகரம் நிலத்தை அளித்து, தன் செலவில் கட்டிடம் எழுப்பி, அதைப் பராமரிக்க வேண்டும். நூலகத்தார் தம் நூல்களையும் நிதியையும் கொண்டு அதை நடத்தி, கட்டணமின்றி அனைவருக்கும் திறந்து வைக்க வேண்டும். மாலைப் பொழுதிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படிப்பகம் திறந்திருக்க வேண்டும் என்பதும் உட்கிடை.

இதில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நிலம் நகரத்தின் உடைமையாகவே நின்றது. நூல்கள் அறக்கட்டளையின் உடைமையாகவே நின்றன. கைமாறியது உடைமையன்று, பயன். அப்பயனைப் பெற்றவரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மூன்றாமவர்: கதவைத் தட்டும் வாசகர். பொழுது சாய்ந்தபின் மூடிய கதவும், அனுமதிச்சீட்டும் இப்பரிமாற்றத்தினால் நீங்கின. தனியாரின் நூல்களைப் பொதுவாக்கியது பொதுநிலமே.

ஏறத்தாழ 500 தொழிலாளர் ஈராண்டுக் காலம் நீர்த்தேக்கத்தை இடித்து மனையைச் சீர்செய்தனர். 1902 நவம்பரில் மூலைக்கல் நாட்டப்பட்டது. நூலக இயக்குநர் டாக்டர் ஜான் ஷா பில்லிங்ஸ் வரைந்த எளிய வரைபடமே கட்டிடத்தின் கருவாயிற்று: கீழே ஏழடுக்கு நூல்நிலைகள், அவற்றின்மேல் பரந்த படிப்பு மண்டபம். 1911 மே 23 அன்று, மூன்று கொடைகளும் இணைந்த பதினாறாம் ஆண்டு நிறைவில், கட்டிடம் அர்ப்பணிக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 90 லட்சம் டாலர். மறுநாள் கதவு திறந்தபோது பல்லாயிரம் மக்கள் திரண்டனர். முதலில் கேட்டு வழங்கப்பட்ட நூல்களுள் ஒன்று ருஷ்ய மொழி நூல். புலம்பெயர்ந்தோர் நிறைந்த அந்நகருக்கு அது பொருத்தமான தொடக்கம். பழைய நீர்த்தேக்கத்தின் கற்களுள் சில இன்றும் அடித்தளத்தில் காணப்படுகின்றன.

இதே முறை 1901இல் விரிவடைந்தது. ஆண்ட்ரூ கார்னகி கிளைநூலகங்களுக்கென 52 லட்சம் டாலர் அளிக்க முன்வந்தார். மனையை நகரம் தரவேண்டும், பராமரிப்பையும் ஏற்கவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இவ்வாறு இந்நூலகத்துக்கு மட்டும் 39 கிளைகள் எழுந்தன.

4. பரிமாற்றத்தின் மறுபக்கம்

எனினும் எல்லாப் பரிமாற்றமும் ஒரே தன்மையதன்று. லெனாக்ஸ் நூலக மனை 1906இல் தொழிலதிபர் ஹென்றி ஃபிரிக்குக்கு விற்கப்பட்டது. நூல்களுக்கு வேறு இல்லம் உறுதியானபின் நடந்த விற்பனையாதலால், அதனால் வாசகர் இழந்தது ஏதுமில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து நடந்தது வேறு. ஐம்பத்துமூன்றாம் தெருவில் 1955இல் திறக்கப்பட்ட டொனல் கிளைநூலகம், அதன் மனை விற்கப்பட்டு, 2008இல் மூடப்பட்டது. அங்கு எழுந்த உயர்மாடிக் கட்டிடத்தின் அடித்தளத்தில், முன்னதைவிட மிகச் சிறியதாய், புதிய நூலகம் 2016இல்தான் திறந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளும் வாசகரின் கணக்கில் எழுதப்பட்ட இழப்பு. அக்காலத்திலேயே தலைமை நூலகத்தின் நூல்நிலைகளை அகற்றவும், அருகிலிருந்த பெருங்கிளையை விற்கவும் வகுத்த திட்டம் அறிஞரும் வாசகரும் எதிர்த்ததனால் 2014இல் கைவிடப்பட்டது.

1897ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் பிற்கால விற்பனையையும் ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். முன்னதில் இருசாராரும் தந்தனர், மூன்றாமவர் பெற்றார். பின்னதில் இருசாராரும் பெற்றனர், மூன்றாமவர் காத்திருந்தார். பொதுநிலம் ஒன்றைக் குறித்த பேரத்தை எடைபோட விலைமதிப்பீடு மட்டும் போதாது. மேசையில் இடம்பெறாத அம்மூன்றாமவருக்கு முன்னிருந்ததைவிட அகன்ற கதவு திறக்கின்றதா என்பதே அளவுகோல்.

பிறர் விட்டுச்சென்ற நிலத்துக்கும் நூலுக்கும் காவலராயிருக்கும் எவரும், அவற்றை மாற்றவோ விற்கவோ ஆவணம் முன்வைக்கப்படும் நாளில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே. பெயரற்ற ஏழைகள் உறங்கிய மண்ணில், பெயர் கேளாமல் எவரையும் உள்ளே விடும் படிப்பு மண்டபம் எழ முடிந்தது. அது தானாக நிகழவில்லை. நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திட்டவர்கள் இருந்ததனால் நிகழ்ந்தது.