சென்னை மேற்குப் புறநகர்: வளர்ச்சித் திட்டங்களும் ஒளிப்படப் பதிவும்

சென்னை மேற்குப் புறநகர் என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களும் அவற்றை ஒட்டிய திருமுல்லைவாயில், பட்டாபிராம், திருவேற்காடு, திருமழிசை முதலியனவும் அடங்கிய பகுதி. ஏரிப்பாசன ஊர்களாக இருந்த இவை, விடுதலைக்குப் பின் ஆலைகளாலும் சாலைகளாலும் மாநகரோடு ஒட்டிக்கொண்டன. இம்மாற்றத்தின் ஒளிப்படப் பதிவு சீரானதன்று. அரசுப் படங்களில் திறப்பு விழாக்களும் செய்திப் படங்களில் வெள்ளமும் வறட்சியும் மிகுதி. அன்றாட வாழ்வு பெரும்பாலும் குடும்ப ஆல்பங்களில்தான் தங்கியிருக்கிறது.

நிர்வாகம்

அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் 7ஆம் மண்டலமானது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாக உயர்ந்தது. ஆவடி காவல் ஆணையரகம் 2022 தொடக்கத்தில் செயல்படத் தொடங்கியது. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி.

தொழில் வளர்ச்சி

1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, வாகன உதிரிபாகம், வார்ப்பு, லேத் பட்டறை எனச் சிறு தொழில்களின் பெரும் மையமாயிற்று. ஊர்க்காரர் பேச்சில் அது ‘எஸ்டேட்’.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிசப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. யு. என். தேபர் தலைமை வகித்தார். நேருவும் அன்றைய முதல்வர் காமராஜரும் பங்கேற்ற அம்மாநாட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களால் ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவியது. 1961இல் அங்கு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பின்னர் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்து அர்ஜுன் வண்டியை வடிவமைத்தது.

வட்டாரத்தின் மிகப் பெரிய திட்டங்களுள் ஒன்றான கனரக வாகனத் தொழிற்சாலையைப் பொதுமக்கள் எடுத்த படங்கள் அரிது. பாதுகாப்பு ஆலை வளாகங்களில் படமெடுக்கத் தடை உண்டு. வெளியே தெரிபவை அரசு வெளியிட்ட படங்களும், குடியரசு நாள் அணிவகுப்புப் படங்களும், நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் முன் பார்வையாளர் எடுத்துக்கொண்டவையுமே.

போக்குவரத்து

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையான ராயபுரம்–வாலாஜா சாலைத் தடம் 1856இல் இப்பகுதி வழியாகவே திறக்கப்பட்டது. அம்பத்தூரும் ஆவடியும் இன்றும் அத்தடத்தின் புறநகர் மின்ரயில்களை நம்பியுள்ளன. ரயில் தடத்தில் அமையாத பூந்தமல்லி, நெடுஞ்சாலை ஊராக வளர்ந்தது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை, பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை, பட்டாபிராம் வழியே செல்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26.1 கி.மீ. மெட்ரோ தடத்தில், 2025 மார்ச்சில் பூந்தமல்லி–முல்லைத்தோட்டம் இடையே ஓட்டுநர் இல்லா ரயில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தூண்கள் எழுந்த காலம் முழுவதும் ட்ரோன் படங்களாகப் பதிவானதால், இவ்வட்டாரத்தில் மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட கட்டுமானங்களுள் இதுவும் ஒன்று.

நீர்நிலைகள்

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரியின் வெடித்த தரை உலகச் செய்திகளில் வெளியானது. இவ்விரு தொகுதிப் படங்களையும் அருகருகே வைத்தால், மழையைத் தேக்குவதிலும் வடிப்பதிலும் நகரம் பட்ட பாடு விளங்கும். ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதையுடன் பசுமைப் பூங்கா 2019இல் திறக்கப்பட்டது.

சமூக வாழ்வு

ஆயுத பூஜை நாள் எஸ்டேட்டின் பெருநாள். முதல் நாளே லேத்துகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைப்பார்கள். வாழைக்கன்று கட்டிய வாசலில் குங்குமம் கலந்த பூசணிக்காய் உடைபடும். பொரி, கடலை, சர்க்கரைப் பொட்டலத்துடன் முதலாளியும் தொழிலாளியும் இயந்திரத்தின் முன் நின்று எடுத்துக்கொள்ளும் குழுப்படத்தில், பட்டறையின் உள்புறம் தானாகப் பதிவாகிவிடுகிறது.

ஆடி மாதத்தில் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குத் திரளும் கூட்டமும், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் விழாக்களும் வட்டாரத்துக்கு உரியவை. ராணுவ ஆலைகளின் குடியிருப்புகளால் ஆவடியில் பல மாநிலத்தவரும் கலந்து வாழ்கின்றனர். 2020 மே மாதம், கொரோனா பரவலால் கோயம்பேடு மொத்தக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. இடைவெளி விட்டு அமைத்த கடைகளும், முகக்கவசத்துடன் மூட்டை தூக்கிய தொழிலாளரும் அக்காலப் படங்களில் உள்ளனர்.

ஆவண மதிப்பு

திறப்பு விழாப் படத்தில் கல்வெட்டும் ரிப்பனும் தெரியும். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. வீட்டு மொட்டை மாடியில் எடுத்த பிறந்தநாள் படத்தின் பின்புலத்தில் ஏரிக்கரையோ வயலோ தெரிந்தால், அது நிலப்பயன்பாட்டுக்குச் சான்றாகிறது. நாள், இடம், எத்திசை நோக்கி எடுத்தது என்ற மூன்று குறிப்பும் இருந்தால், வருவாய்த் துறையின் புலப்படத்தோடு அதை ஒப்பிடலாம். கரை எங்கே இருந்தது, கலங்கல் எப்பக்கம் வடிந்தது என்பதற்கு இத்தகைய படங்கள் உதவும்.