மோர்பாத் கணக்கேடு: பண்டாரம், தலைக்கட்டு வரி, ஐந்து இளைஞர்கள்

ஈமன் டஃபியின் ‘மோர்பாத்தின் குரல்கள்’ 2001இல் வெளிவந்தது முதல், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலப் பங்குக் கோயில்களைப் பற்றி எழுதுகிற எவரும் அந்தச் சிற்றூரைச் சுற்றிக்கொண்டு போய்விட முடிவதில்லை. டெவனில், எக்ஸ்மூர் மேட்டின் தென்விளிம்பில், சுமார் 33 குடும்பங்கள் வாழ்ந்த ஓர் ஏழை ஊர். அங்கே 1520 முதல் 1574 வரை ஒரே குருவானவர், சர் கிறிஸ்டோபர் டிரிக்கே. அவர் கையாலேயே எழுதிய கோயில் கணக்கு. (‘சர்’ என்பது இங்கே வீரப்பட்டம் அன்று, பல்கலைக்கழகப் பட்டமில்லாத குருக்களுக்கு வழங்கிய அடைமொழி.) எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, எலிசபெத் என நான்கு ஆட்சிகளின் சமய ஆணைகளும் ஒரே ஊரில் ஒரே கையெழுத்தில் வந்து விழுகின்றன. இப்படி இன்னொரு ஏடு கிடைப்பது அரிது.

டஃபியின் வாசிப்பைச் சுருக்கினால் இப்படி வரும்: மோர்பாத் கோயிலின் நிதி ஏற்பாடுகள் ஊரின் பக்தி கொண்ட வடிவம், 1547க்குப் பிறகு வந்த அரசாணைகள் அந்த ஏற்பாடுகளை உடைத்தபோது ஊரின் கூட்டுவாழ்வே உடைந்தது, பொறுத்துப் பொறுத்துப் போன ஊர் 1549இல் கலகத்துக்கு ஆளனுப்பியது. மூன்று படிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முதற்படியில் எனக்குப் பாதி உடன்பாடு, இரண்டாவதில் பெரும்பாலும் உடன்பாடு. மூன்றாவது, அவர் சொல்லும் அளவுக்கு முதலிரண்டிலிருந்து பின்தொடரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர் பக்தியின் பக்கமிருந்து ஏட்டைப் படிக்கிறார். நான் வசூலின் பக்கமிருந்து படிக்கிறேன். ஊர்க்கூட்டம் பணம் திரட்டியது என்பதைவிட, பணம் திரட்டிய வழக்கமே ஊர்க்கூட்டத்தைப் பல கூறுகளாகக் கட்டி எழுப்பியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புனிதர் உருவங்களின் முன் எரிந்த விளக்குகளுக்குத் தனித்தனி நிதிகள் இருந்தன. ஏடு ‘ஸ்டோர்’ என்று குறிப்பதை இங்கே பண்டாரம் என்கிறேன். கோயிலின் காவலரான புனித ஜார்ஜுக்குத் தலைமைப் பண்டாரம். அன்னை மரியாளுக்கு ஒன்று. டிரிக்கே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த எக்ஸிட்டர் புனிதை சிட்வெல்லுக்கு ஒன்று. இவை போக இளைஞர் பண்டாரம், கன்னியர் பண்டாரம், இன்னும் சில. பெரும்பாலானவற்றின் முதல், ஆடுகள். ஆடு பண்டாரத்துடையது, ஆனால் அது ஏதோ ஒரு குடியானவரின் மந்தையோடு, அவர் புல்லைத் தின்று வளர்ந்தது. கம்பளி விற்ற காசு பண்டாரத்துக்கு. ஆடு செத்தால் அதையும் ஆண்டுக்கணக்கில் ஊர் கேட்கச் சொல்லியாக வேண்டும். உயிலில் ஒரு தேனீக் கூட்டத்தை விளக்குக்கென விட்டுச் சென்றவரும் உண்டு. பெரிய வரும்படி மதுவிருந்தில். கோயில் வீட்டில் ‘ஏல்’ காய்ச்சி விற்று, அயலூரார் வரை அழைத்துக் குடிக்கவைத்து, மிச்சத்தைக் கணக்கில் சேர்த்தார்கள். தலைமைக் காரியஸ்தர்கள் ஒரு விருந்து, இளைஞர்கள் ஒரு விருந்து.

காரியஸ்தர் பொறுப்பு வீட்டுமுறையாகச் சுற்றி வந்தது. முறை வந்த வீட்டில் விதவை தலைவியாக இருந்தால் அவரே காரியஸ்தர். விரும்பி ஏற்ற பணி என்று இதைச் சொல்லத் தயங்குகிறேன். நீர்ப்பாய்ச்சலில் முறை வருவதுபோல வந்த முறை அது. டஃபி இந்தச் சுழற்சியைக் கவனிக்காதவர் அல்லர். அதைச் சமத்துவத்தின் அடையாளமாகப் படிக்கிறார். கடமையின் அடையாளமாகவும் படிக்கலாம்.

வசூலே குழுக்களைக் கட்டியது என்ற என் வாதத்துக்குச் சான்று தேடி, இந்த இடத்தில் மோர்பாத்தை விட்டுக் கார்ன்வாலுக்குப் போக வேண்டியிருக்கிறது. புனித நியோட் ஊர்க் கோயிலின் கண்ணாடிச் சாளரங்களில் மூன்று, ஊர்க் குழுக்கள் பணம் போட்டுச் செய்தவை: மனைவியர் சாளரம் 1523, இளைஞர் சாளரம் 1528, இளம்பெண்கள் சாளரம் 1529. மனைவியர் சாளரத்தின் இலத்தீன் வாசகம், செய்வித்தவர்கள் இந்தப் பங்கின் மேற்குப் பகுதி மனைவியர் என்கிறது. இளைஞர், கன்னியர், மனைவியர் என்ற பிரிவுகளைப் பேசும் ஆய்வுகளில் ‘மனைவியர்’ என்ற சொல்லே வெளிச்சம் பெறுகிறது. கேத்தரின் ஃப்ரெஞ்ச் பெண்களின் பங்குக் குழுக்களை ஆராய்ந்து, அவை பெண்களுக்குக் கூட்டாகச் செயல்படவும் ஊரறியத் தலைமை ஏற்கவும் வாய்ப்பளித்தன என்று காட்டினார். அதை நான் ஏற்கிறேன். என் கண் நிற்பது ‘மேற்குப் பகுதி’ என்பதில். பக்திக்கு மேற்கும் கிழக்கும் தேவையில்லை. வீடு வீடாகப் போகிறவருக்குத்தான் எல்லை தேவை. சிதறிய பண்ணைவீடுகள் கொண்ட பெரிய பங்கில், ஒரு நடையில் முடிகிற தொலைவே குழுவின் எல்லையாகியிருக்க வேண்டும். கிழக்குப் பகுதி மனைவியர் வேறொன்றைச் செய்து, அது அழிந்திருக்கலாம். செய்யாமலே விட்டிருக்கலாம். 1826 முதல் 1830 வரை ஜான் ஹெட்ஜ்லண்ட் இச்சாளரங்களைப் பழுதுபார்த்தபோது நிறையக் கண்ணாடி மாறியது. எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் பதினாறாம் நூற்றாண்டுக்குரியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ‘மேற்குப் பகுதி’ போன்ற வறட்டு விவரத்தைப் பழுதுபார்ப்பவர் கற்பனையில் சேர்க்கக் காரணமில்லை. பழைய வாசகமே இது என்று கொள்கிறேன்.

மோர்பாத்துக்குத் திரும்புவோம். பண்டாரங்களைப் பற்றி டஃபி எழுதும் பக்கங்களின் அழகில் ஒன்று பின்னுக்குப் போய்விடுகிறது: ஊருக்கு இன்னொரு நிதிக்கையும் இருந்தது. விளக்கு, உருவம், திருவுடை ஆகியவற்றுக்கு ஆடும் மதுவும். கோயில் எழுத்தர் சம்பளம், அரசன் கேட்கும் படைச்செலவு போன்றவற்றுக்குத் தலைக்கட்டு வரி. பின்னதை மேற்பார்த்தவர்கள் ஏட்டில் சில இடத்தில் நால்வர், சில இடத்தில் ஐவர் என்று வரும் சிறு குழுவினர். இவர்களைப் பற்றி டஃபி தெளிவாகவே எழுதுகிறார். ஆனால் அவர் கதையில் பண்டாரங்கள் உயிராகவும் ஐவர் நிர்வாகமாகவும் நிற்கிறார்கள்.

வரி எளிதாக வரவில்லை. 1530களில் எழுத்தருக்கு வீட்டுக்கு இவ்வளவு காசும் கதிர்க்கட்டும் என்ற பங்கு பெரிய தகராறாகி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒத்துப்போகாதவர்களை டிரிக்கே ஏட்டிலேயே குத்திக்காட்டுகிறார். அந்த ஏடு பெட்டியில் பூட்டிவைத்த கணக்கு அன்று. ஊர் கூடியிருக்கக் குருவானவர் உரக்கப் படித்த கணக்கு. ‘நாம்’ என்று அவர் எழுதும்போது அந்த ‘நாம்’ நடந்ததைச் சொல்கிறதா, நடக்க வேண்டியதை நினைவூட்டுகிறதா? டஃபி இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, குரலின் சூட்டில் மெல்ல முதல் விடையின் பக்கம் சாய்கிறார். காசு கொடுக்காதவன் காதில் விழ வேண்டும் என்று படித்த ஏட்டில் ஒற்றுமைக்கான சொற்கள் அதிகமாகத்தான் இருக்கும்.

கறுப்புத் திருவுடைகள் விஷயத்துக்கு வருவோம். இறந்தோர் பூசைக்கான அவ்வுடைத் தொகுதிக்காக ஊர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேமித்தது. டிரிக்கே கோயில் ஆடுகளின் கம்பளியில் தமக்கு வர வேண்டிய தசமபாகத்தை விட்டுக்கொடுத்தார். சிறு சிறு உயில் தொகைகள் சேர்ந்தன. 1547இல் 6 பவுண்டு 5 ஷில்லிங் செலவில் உடைகள் வந்தன. அதே ஆண்டு ஜனவரி 28 அன்று ஹென்றி இறந்தான். ஜூலை 31 அன்று எட்வர்ட் அரசின் புதிய கட்டளைகள் வந்தன. உருவங்களின் முன் விளக்குகள் தடைபட்டன. இறந்தோர் பூசைக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. இதை டஃபி ஊழின் கொடுமையாகச் சொல்கிறார். படிக்கிற எவருக்கும் நெஞ்சு கனக்கும்.

நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். சான்று மெல்லியது என்று தெரிந்தே அழுத்திச் சொல்கிறேன். இறந்தோர் பூசை அறக்கட்டளைகளைக் கைப்பற்ற 1545ஆம் ஆண்டுச் சட்டமே அரசனுக்கு வழி திறந்துவிட்டது. நாட்டின் பல பங்குகளில் வெள்ளிப் பாத்திரங்களை அரசு கேட்கும் முன் விற்றுக் காசாக்கினார்கள். மோர்பாத்தில் எதிர்த்திசையில் நடந்தது: காசு துணியானது. இறந்தோர் பெயரால் திரட்டிய காசு பெட்டியில் கிடந்தால் அது அதிகாரி கேட்கக்கூடிய தொகை. துணியாக ஒரு விவசாயி வீட்டுப் பரணில் ஏறிவிட்டால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்னாளில் திருவுடைகள் பலவற்றை ஊரார் வீடுகளில் ஒளித்துவைத்ததும் மேரி காலத்தில் அவை திரும்பி வந்ததும் ஏட்டிலேயே உள்ளன. ஆகவே 1547ஆம் ஆண்டுக் கொள்முதலில் பக்தியோடு ஓர் அவசரமும் கலந்திருக்கிறது என்பேன். தொகை அப்போதுதான் நிரம்பியது என்ற எளிய விடையை என்னால் மறுக்க இயலாது. ஜூலைக்கு முன்னா பின்னா என்று தீர்ந்தால் வழக்கும் தீரும். ஆண்டுக்கு ஒருமுறை ஒப்புவிக்கும் கணக்கு அந்த உதவியைச் செய்யாது.

1548இல் நடந்ததை விரைந்து கடக்கலாம். அதில் டஃபியோடு சண்டையில்லை. விளக்கு இல்லையென்றால் விளக்குப் பண்டாரம் எதற்கு? ஆடுகள் விற்கப்பட்டன. மேற்கு வட்டாரத்துக்கு வந்த அரசு ஆய்வாளர்கள் மதுவிருந்தையும் நிறுத்தினார்கள். சுழற்சி முறை நின்று, லூசி சீலி என்ற பெண் ஒருவரே அவ்வாண்டின் காரியஸ்தராக நிற்கிறார். மேரி காலத்தில் டிரிக்கே பின்னோக்கி எழுதிய நீண்ட குறிப்பில் ஒவ்வொரு காரியஸ்தர் காலத்திலும் கோயில் எப்படித் தேய்ந்தது என்று வரிசையாகச் சொல்லிவருகிறார். லூசியின் காலம் அதில் விற்பனைக்காலம். அந்த வருத்தம் 1548இல் எழுதியது அன்று, ஆட்சி மாறி வாய் திறக்க முடிந்தபின் எழுதியது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி 1549. புதிய செப நூல் ஜூன் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. மறுநாளே சாம்ப்ஃபர்ட் கோர்ட்னியில் எழுச்சி. ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 6 வரை எக்ஸிட்டர் முற்றுகை. மோர்பாத் ஏட்டில் அவ்வாண்டுக் கணக்கில் ஐந்து இளைஞர்கள் ஒரு முகாமுக்குப் புறப்பட்டபோது அவர்களுக்கும் ஆயுதங்களுக்கும் ஆன செலவு வருகிறது. 1904இல் ஏட்டை அச்சேற்றிய பின்னி முகாமின் இடப்பெயரைத் தவறாகப் படித்திருந்தார். கையெழுத்துப் படியைப் பார்த்த டஃபி அது புனித டேவிட் மேடு என்று காட்டினார். எக்ஸிட்டர் மதிலுக்கு வெளியே கலகக்காரர்கள் தண்டிறங்கிய இடம் அது. ஓர் இடப்பெயரைத் திருத்தியதில், அடங்கிப்போன ஊர் கலகம் செய்த ஊரானது. அத்திருத்தத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். அதன்மேல் அவர் ஏற்றும் பாரத்தைத்தான் ஏற்கவில்லை.

டஃபியின் வாதம்: இவ்வளவு சட்டம் பேணிய ஊரே பொதுப்பணத்தில் ஆளனுப்பியது என்றால் வெறுப்பு எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்! ஆனால் பணம் போன வழியைப் பாருங்கள். 1549இல் பண்டாரம் எதுவும் இல்லை. விளக்கு வளர்த்த ஆடுகள் முந்தின ஆண்டே போய்விட்டன. மிஞ்சியிருந்தது தலைக்கட்டுக் கை. அரசன் ஸ்காட்லாந்துக்கோ பிரான்சுக்கோ ஆள் கேட்டபோது இளைஞனைத் தேர்ந்து, வில்லும் வாளும் கொடுத்து, வழிச்செலவு தந்து அனுப்பப் பழகிய கை அது. 1549இல் அதே கை அதே வேலையைச் செய்தது. கேட்டவர் மட்டும் வேறு. மேற்குக் கலகத்தின் ஆள்திரட்டலும் பங்கு பங்காகவே நடந்தது. கேட்டு வந்த கூட்டத்துக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் 33 குடும்பங்கள் இருந்தனவா? புதிய செப நூலை ஊர் வெறுத்திருக்கலாம்; டிரிக்கே வெறுத்தார் என்பதில் ஐயமே இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய ஆட்டு வரிச் சட்டமும் இந்த மேய்ச்சல் நாட்டில் எரிச்சலைக் கிளப்பியது. இவ்வளவும் இருந்தும், ஒரு செலவுக் குறிப்பு நம்பிக்கையின் ஆழத்தை அளக்கும் கோல் ஆகாது.

டஃபியின் பக்கமிருந்து வரும் வலுவான விடை எனக்குத் தெரியும். தலைக்கட்டுக் கை தானாக நீளாது. எழுத்தர் சம்பளத்துக்கே ஆண்டுக்கணக்கில் முரண்டுபிடித்த ஊர், உயிருக்கே உலைவைக்கும் காரியத்துக்குத் தகராறில்லாமல் பணம் கொடுத்திருக்கிறது என்றால் அங்கே மனம் ஒத்திருக்க வேண்டும். இது கனமான விடை. என் மறுமொழி, தகராறு இல்லை என்று நமக்குச் சொல்பவர் மீண்டும் டிரிக்கேதான் என்பது. எழுத்தர் தகராறில் எதிர்த்தவர்களைப் பெயர் சுட்டி எழுதிய கை, கலகத்துக்குக் காசு தர மறுத்தவரை ஏட்டில் ஏற்றுமா? ஏற்றினால் ஆகஸ்டுக்குப் பிறகு அதுவே ஒப்புக்கொடுத்தவர் யார் யார் என்பதற்கும் சாட்சியாகிவிடும்.

பியட் க்யூமின் 1996இல் ஆங்கிலப் பங்குகளின் வரவை இறந்தோர் விட்டுச்சென்றது, உயிரோடிருப்போர் திரட்டியது எனப் பிரித்துப் பார்த்தார். மோர்பாத்துக்கு அந்தப் பிரிப்பு போதாது. உயிரோடிருப்போர் திரட்டியதிலேயே விருந்தில் விளைந்ததும் வரியில் வந்ததும் வேறு வேறு உறவுகளைக் கட்டுகின்றன. 1548 முதலதை வெட்டியது. 1549ஆம் ஆண்டுச் செலவுக் குறிப்பு இரண்டாவதின் பக்கத்தில் நிற்கிறது. டஃபி இரண்டையும் ஒரே ‘ஊர்’ என்ற சொல்லில் ஊற்றிவிடுகிறார்.

அந்த ஐந்து இளைஞர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளைத்தான் இன்னும் நிறுவ வேண்டியிருக்கிறது. ஜூலை 2க்கு முன் போயிருந்தால், முற்றுகை தொடங்கும் முன்பே ஊர் தன் விருப்பில் எழுந்தது என்று சொல்ல இடமுண்டு. என் வாதம் தளரும். அதன்பின் போயிருந்தால் சுற்று நாடு முழுவதும் கலகக்காரர் கையில் இருந்த காலம் அது. ஆள் கேட்டு வந்தவர்களுக்கு ஆள் கொடுத்த ஊராக மோர்பாத் தெரியும். முகாமை அந்த மேட்டின் பெயரால் குறிப்பிடும் வாசகம் முற்றுகை தொடங்கியபின் எழுதியதாகவே படுகிறது. ஆனால் எழுதிய நாள் வேறு, புறப்பட்ட நாள் வேறு. பிந்தைய நாள் என் வாசிப்புக்கு ஒத்துப்போகிறது. டஃபியின் வாசிப்புக்கோ இரண்டு நாளும் ஒத்துப்போகும்.