தாதியர் பயிற்சியும் முதற் பதவியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் நோயாளரைப் பராமரித்தல் கற்றுத் தேறவேண்டிய ஒரு கலையாக இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கருதப்படவில்லை. கத்தோலிக்க நாடுகளிலே துறவற சபைகளைச் சேர்ந்த கன்னியர் அதனைச் சமயத் தொண்டாக ஆற்றிவந்தனர். இங்கிலாந்தில் துறவு மடங்கள் பதினாறாம் நூற்றாண்டிற் கலைக்கப்பட்டன. அதன்பின், வேறு பிழைப்பு வாய்க்காத பெண்களே பெரும்பாலும் வைத்தியசாலைகளிற் கூலிக்கு அமர்ந்தனர். சாள்ஸ் டிக்கின்ஸ் 1843-44 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘மாட்டின் சசில்விற்’ என்னும் நாவலிலே செயிறி காம்ப் என்றொரு தாதி வருகிறாள். மதுப் போத்தலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு நோயாளருக்குக் காவலிருப்பவள் அவள். நகைப்புக்கெனப் படைக்கப்பட்ட பாத்திரமாயினும், அக்கால மக்கள் தாதியென்றாற் கருதியது யாது என்பதற்கு அவள் நல்ல சான்று.

இந்நிலை எவ்வாறு மாறியது என்பதை விளக்குவோர் பயிற்சிப் பள்ளிகளின் தோற்றத்தைக் கூறி அமைவது வழக்கம். ஆயின் பள்ளி பாதிக் கதையேயாம். பயிற்சியை முடித்துத் தராதரப் பத்திரத்தோடு வெளிவந்த பெண்ணுக்கு யார் வேலை கொடுத்தனர்? அவ்வேலை அவள் கற்ற கல்விக்கு ஏற்றதாயிருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, கல்வி கிடைத்த வேகத்திற் கல்விக்குரிய இடம் கிடைக்கவில்லை என்பது புலனாகும். அவ்விடத்தைப் பெறுதற்கு இரண்டு தலைமுறைகளுக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது.

நைற்றிங்கேல் பள்ளி

1820 ஆம் ஆண்டிற் செல்வக் குடியிற் பிறந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், தாதித் தொழிலைக் கற்க விரும்பியபோது குடும்பத்தினர் பல ஆண்டுகள் தடுத்தனர். 1836 இல் தியோடோர் பிளீட்னர் என்னும் போதகர் ஜேர்மனியிலுள்ள கைசர்ஸ்வேத்தில் நிறுவிய சமயத் தொண்டர் நிலையத்தில், 1851 ஆம் ஆண்டு ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கிப் பயிலும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்தது. 1853 இல் இலண்டன் மாநகரில், நோயுற்ற கண்ணியமான பெண்களுக்கென நடத்தப்பட்ட சிறு நிலையமொன்றின் மேற்பார்வையாளராக அமர்ந்தார். அதுவே அவருடைய முதற் பதவி. அதற்குச் சம்பளம் இல்லை. தந்தையார் ஆண்டுதோறும் அளித்த 500 பவுணே அவருடைய செலவுக்கு உதவிற்று. புதிய தாதித் தொழிலின் தாய் எனப் போற்றப்படுபவருக்கே முதல் வேலையைத் தந்தது குடிப்பிறப்பும் அறிமுகமுமாகும். அவை இல்லாத பெண்ணின் நிலை யாதாயிருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது.

கிறைமியப் போரில் அவர் ஆற்றிய பணியைப் பாராட்டி 1855 இல் தொடங்கப்பட்ட நிதிக்கு 44,000 பவுணுக்கு மேற் சேர்ந்தது. அதனைக் கொண்டு 1860 ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிற் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கே தலைமைத் தாதியாயிருந்த வாட்றோப்பர் அம்மையாரின் பொறுப்பில் மாணவியர் விடப்பட்டனர். முதலிற் சேர்ந்தோர் 15 பேர். உணவும் உறையுளும் சீருடையும் இலவசம். ஓராண்டுக்குக் கைச்செலவாகப் 10 பவுண் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவியின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், துப்புரவு, நோயாளர் விடுதியை நடத்தும் திறன் ஆகியன மாதந்தோறும் குறிப்பேட்டிற் பதியப்பட்டன. அறிவுக்கு ஒரு பகுதியும் ஒழுக்கத்துக்கு ஒரு பகுதியுமாக அவ்வேடு அமைந்திருந்தது.

ஓராண்டின் முடிவில் முதற் பதவியை மாணவி தானே தேடவேண்டியதில்லை. நிதிக் குழுவினர் காட்டும் வைத்தியசாலையில் மேலும் சில ஆண்டுகள் பணிபுரிவதாக அவள் முன்னரே உடன்பட்டிருந்தாள். விருப்பப்படி இடந்தெரியும் உரிமை இதனாற் குறைந்ததாயினும் பெரியதொரு நன்மையும் விளைந்தது. பழைய முறை வேரூன்றிய வைத்தியசாலையில் பயின்ற தாதியொருத்தி தனித்துச் சென்று செய்யக்கூடியது சிறிதே. ஆகவே மேற்பார்வையாளரோடு கூடிய ஒரு குழுவை அனுப்புவதே நைற்றிங்கேல் அம்மையாரின் கொள்கையாயிற்று. 1865 இல் அக்னஸ் யோன்ஸ் அம்மையார் 12 தாதியரோடு லிவர்பூல் நகரத்து ஏழையர் விடுதி வைத்தியசாலைக்குச் சென்றார். அதற்கான செலவை வில்லியம் றத்போன் என்னும் வணிகர் ஏற்றார். அதுவரை அங்கே விடுதியில் வாழ்ந்த ஏழைப் பெண்களே நோயாளரைப் பார்த்துவந்தனர். மூன்று ஆண்டுகளுள் அக்னஸ் யோன்ஸ் அங்கே பரவிய தைபஸ் காய்ச்சலுக்கு இரையானார். 1868 இல் லூசி ஒஸ்பேண் அம்மையார் ஐந்து தாதியரோடு அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்றார். நைற்றிங்கேல் பள்ளியின் முறை கடல் கடந்து பரவியது இவ்வாறேயாகும்.

பள்ளியிற் குறைகளும் இருந்தன. மாணவியரின் உழைப்பை வைத்தியசாலை பெற்றுக்கொண்ட அளவுக்கு அவர்களுக்குப் போதனை கிடைக்கவில்லை. 1870 களின் தொடக்கத்தில் நைற்றிங்கேல் அம்மையார் நேரில் ஆராய்ந்து இதனை உணர்ந்து, போதனை முறையைத் திருத்த முற்பட்டார். கற்பவள் மாணவியா, மலிவான வேலையாளா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

பொஸ்ரன் நகரத்து முதல் மாணவி

அமெரிக்காவின் முதற் பயின்ற தாதி எனப்படுபவர் லின்டா றிச்சாட்ஸ். 1841 இற் பிறந்த இவர், முதலிற் பொஸ்ரன் நகரத்தின் பெரிய வைத்தியசாலையொன்றிற் சேர்ந்தார். அங்கே தாதியர் வீட்டுப் பணிப்பெண்களிலும் மேலாக மதிக்கப்படவில்லை. கற்பிப்பாரும் இலர். மூன்று மாதங்களில் அவ்விடத்தை விட்டு நீங்கினார். 1872 இல், பெண் மருத்துவர்களால் நடத்தப்பட்ட நியூ இங்கிலாந்து பெண்கள் சிறுவர் வைத்தியசாலை, சூசன் டிமொக் என்னும் மருத்துவரின் மேற்பார்வையில் ஓராண்டுப் பயிற்சியை ஆரம்பித்தது. ஐந்து மாணவியருள் முதலாவதாகப் பெயர் கொடுத்தவர் இவரே.

அவ்வோராண்டின் இயல்பை அவர் 1911 இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளால் அறியலாம். காலை ஐந்தரை மணிக்கு எழுந்தால் இரவு ஒன்பது மணிக்கே ஓய்வு. நோயாளர் விடுதிகளை அடுத்த சிற்றறைகளில் மாணவியர் துயின்றனர். ஆறு நோயாளரைப் பகலிலும் இரவிலும் ஒருத்தியே கவனித்தாள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்து செல்லவேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மட்டும் வெளியே போகலாம். பாடநூல் இல்லை. சேரும்போதும் தேறும்போதும் பரீட்சை இல்லை. மருந்துப் போத்தல்களிற் பெயருக்குப் பதிலாக இலக்கங்களே எழுதப்பட்டிருந்தன. தான் கொடுக்கும் மருந்து இன்னதென்பதைத் தாதி அறியவேண்டியதில்லை என்பதே அன்றைய கொள்கை. இக்குறைகளுக்கிடையே 1873 இல் அவர் தராதரப் பத்திரம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே நியூ யோர்க், நியூ ஹேவன், பொஸ்ரன் ஆகிய மூன்று நகரங்களில் நைற்றிங்கேல் முறையைத் தழுவிய பள்ளிகள் தோன்றின. அவற்றை நடத்தப் பயின்ற தாதியர் இல்லை. இதனால் றிச்சாட்ஸ் அம்மையாருக்கு முதற் பதவி எளிதிற் கிடைத்தது. நியூ யோர்க்கிலுள்ள பெல்வியூ வைத்தியசாலைப் பள்ளியில் இரவு மேற்பார்வையாளராக அவர் அமர்ந்தார். நோயாளரின் நிலையை எழுதி வைத்து அடுத்து வருவோரிடம் ஒப்படைக்கும் முறையை அங்கே தொடங்கினார். வாய்மொழியாகச் சொல்லி மறக்கப்பட்டவை ஏட்டில் நிலைத்தன. மருத்துவரும் அவ்வேட்டின் பயனை விரைவில் உணர்ந்தனர். மருந்தின் பெயரையும் அறியவிடாது பயிற்றப்பட்ட ஒருவர், தம் முதற் பதவியிலேயே நோயின் போக்கை எழுதும் பொறுப்பைத் தாதிக்கு உரியதாக்கினார். 1874 இல் பொஸ்ரன் பயிற்சிப் பள்ளியின் தலைமை அவருக்குக் கிடைத்தது. பயின்ற தாதியர் வேண்டியதில்லை என்றிருந்த மருத்துவர்களின் மனத்தை அங்கே தம் பணியால் மாற்றினார்.

பின்னர் இங்கிலாந்து சென்று நைற்றிங்கேல் அம்மையாரையும் கண்டு மீண்ட அவரை, அமெரிக்கன் மிஷன் சங்கம் ஜப்பானுக்கு அனுப்பியது. 1886 முதற் கியோட்டோ நகரில் தாதியர் பள்ளியொன்றை நடத்தி, 1890 இற் தாயகம் திரும்பினார். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தியதும், மானிப்பாயில் தமிழில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியரை 1847 இல் அனுப்பியதும் இதே சங்கமாகும்.

மேரி மகோனி

லின்டா றிச்சாட்ஸ் தேறிய அதே வைத்தியசாலையில் 1879 இல் மேரி எலைசா மகோனி தேறினார். அமெரிக்காவிற் பயிற்சி முடித்துத் தேறிய முதல் நீக்கிரோவத் தாதி இவரே. 1845 இற் பிறந்த இவர், அவ்வைத்தியசாலையிலே ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் சமையல், சலவை, துப்புரவு ஆகிய வேலைகளைச் செய்துவந்தார். 33 ஆம் வயதில், 1878 இல், மாணவியாகச் சேர்ந்தார். பயிற்சிக் காலம் இப்போது 16 மாதமாக நீண்டிருந்தது. உடன் சேர்ந்தோருள் இறுதிவரை நின்றவர் மிகச் சிலரே.

இருவரும் ஒரே பள்ளியின் பத்திரத்தைப் பெற்றனர். எனினும் அப்பத்திரம் இருவருக்கும் ஒரே கதவைத் திறக்கவில்லை. றிச்சாட்ஸ் மேற்பார்வையாளரானார், மகோனிக்கோ பொது வைத்தியசாலைகளில் இடமில்லை. நிறம் பற்றிய தடை அங்கே வலுத்திருந்தது. ஆகவே செல்வரின் வீடுகளிலே தங்கி நோயாளரைப் பார்க்கும் தனித் தாதியாகவே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அவ்வீடுகளிலும் தாதியை வேலைக்காரரோடு ஒருங்கு வைத்தெண்ணும் வழக்கம் இருந்தது. அவ்வெண்ணத்துக்கு இடங்கொடாது அவர் தனித்தே உணவருந்தினார் என்பர். திறமையும் அமைதியும் அவருக்கு நற்பெயரை ஈட்டிக்கொடுத்தன. ஒருவரின் பேச்சைக் கேட்டு மற்றொருவர் அழைத்ததால் வேலை இடையறாது கிடைத்தது.

பயிலவே இடங்கிடைக்காத பெண்களும் பலர். சிக்காக்கோ நகரத்துப் பள்ளிகள் எம்மா றெனோல்ட்ஸ் என்னும் நீக்கிரோவப் பெண்ணைச் சேர்க்க மறுத்தமையே, 1891 இல் டானியல் ஹேல் வில்லியம்ஸ் என்னும் சத்திர வைத்தியர் பயிற்சிப் பள்ளியோடு கூடிய புரொவிடன்ற் வைத்தியசாலையை நிறுவக் காரணமாயிற்று. 1908 இல் நீக்கிரோவத் தாதியர் தமக்கென ஒரு தேசிய சங்கம் அமைத்தனர். மறு ஆண்டு பொஸ்ரனில் நடந்த முதல் மாநாட்டில் வரவேற்புரை நிகழ்த்தியவர் மகோனி அம்மையார். அவர் 1926 இல் மறைந்தார். தாதியரின் பொதுச் சங்கம் அனைவரையும் ஏற்கத் தொடங்கியபின், 1951 இல் அச்சங்கம் அதனோடு இணைந்தது.

பள்ளிகளின் பெருக்கம்

அமெரிக்காவில் 1880 இல் 15 பள்ளிகளே இருந்தன. 1900 இல் அத்தொகை 432 ஆயிற்று. இப்பெருக்கத்துக்குக் கல்வியார்வம் மட்டுமன்று, சிக்கனமும் காரணமாகும். பள்ளி வைத்திருக்கும் வைத்தியசாலை, மாணவியரைக் கொண்டே நோயாளர் விடுதிகளை நடத்தலாம். சம்பளம் பெறும் தாதியர் தேவையில்லை. ஆகவே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் விடுதியைத் தாங்கிய பெண், தேறிய அன்றே அவ்விடுதிக்கு வேண்டாதவளானாள். அவளுடைய கட்டிலுக்குப் புதிய மாணவி வந்தாள். இவ்விதம் வெளிவந்தோரிற் பெரும்பாலோர் தனிவீடுகளையே நாடினர். மருத்துவரின் சிபார்சும் நகரங்களில் வைக்கப்பட்ட தாதியர் பெயரேடுகளும் அவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்தன. நோயாளர் தேறினால் வேலை முடிந்தது. அடுத்த அழைப்பு வரும்வரை வருவாய் இல்லை. 1929 இன் பின் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் வீடுகள் தாதியரை அமர்த்த இயலாது போயின. வைத்தியசாலைகள் பயின்ற தாதியரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் வழக்கம் அக்காலத்திலிருந்தே அங்கே பரவலாயிற்று.

பதிவுச் சட்டம்

பத்திரத்தின் மதிப்பு அதனை வழங்கும் பள்ளியைப் பொறுத்ததாய் இருக்கும்வரை, சில மாதம் பயின்றவரும் மூன்றாண்டு பயின்றவரும் ஒரே பெயராற் தம்மை அழைத்துக்கொண்டனர். இதனை மாற்ற முயன்றவர் எதெல் பென்விக் அம்மையார். இவர் 24 ஆம் வயதிலேயே, 1881 இல், இலண்டன் சென் பார்தலோமியூ வைத்தியசாலையின் தலைமைத் தாதியானவர். 1887 இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை அமைத்து, பரீட்சையிற் தேறியோரின் பெயரை மட்டும் அரசாங்க ஏட்டிற் பதியவேண்டுமென வாதாடினார். நைற்றிங்கேல் அம்மையார் இதனை எதிர்த்தார். நல்ல தாதிக்கு இன்றியமையாத குணத்தைப் பரீட்சை அளக்கமாட்டாது என்பதும், ஒருமுறை பதிந்த பெயர் அவள் பின்னும் தகுதியோடிருக்கிறாள் என்பதைக் காட்டாது என்பதும் அவருடைய வாதம். அவர் கூறியதில் உண்மை உண்டு. எனினும் குணத்தை நன்கறிந்த மேற்பார்வையாளர் சிபார்சு செய்யும் முறை, அச்சிபார்சுக்கு எட்டாதவருக்குப் பயன்படாது. அறிமுகமில்லாத பெண்ணுக்குச் சட்டமே துணை.

1901 இல் நியூசீலாந்து தாதியருக்கெனத் தனிப் பதிவுச் சட்டத்தை உலகில் முதன்முதலாக இயற்றியது. அமெரிக்காவில் வட கரோலைனா மாநிலம் 1903 இல் அதனைத் தொடர்ந்தது. இங்கிலாந்திற் சட்டம் நிறைவேறியது 1919 இல். அப்பதிவேட்டிற் முதலாவதாக இடம்பெற்றது பென்விக் அம்மையாரின் பெயர்.

1853 இல் அறிமுகத்தால் கிடைத்த முதற் பதவி, 1860 இன் பின் பள்ளியின் ஆணையாற் கிடைத்தது. பதிவுச் சட்டங்களின் பின்னர் தகைமையை உரிமையாகக் காட்டிக் கேட்கத்தக்கதாயிற்று. இவ்வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே காலத்தில் வாய்த்ததன்று என்பதை மகோனி அம்மையாரின் வாழ்க்கை காட்டும். பயிற்சிப் பள்ளிகளை நிறுவியோர் ஒரு தொழிலுக்குக் கல்வியைத் தந்தனர். அக்கல்வியை ஏற்கும் வைத்தியசாலைகளையும் மதிக்கும் சட்டங்களையும் உண்டாக்கியோர், பெரும்பாலும் அப்பள்ளிகளிற் பயின்று முதல் வேலைக்காகக் காத்திருந்த பெண்களேயாவர்.