பறையும் பேராசிரியரும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில், இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்றை எழுத முற்படுகின்றோம். அதற்கு முன் நம்முடைய குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆண்டு விழாவில் பறை முழக்குமாறு மாணவன் ஒருவனைப் பணித்தோம். அவன் தந்தையார் நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பெயர்பெற்ற கலைஞர். மாணவனோ தலைகுனிந்து, "வேண்டாங்கய்யா. இன்னைக்குக் கை தட்டுவாங்க, நாளைக்குச் சாவுக்கு அடிக்கக் கூப்பிடுவாங்க" என்றான். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அவன் அஞ்சியதில் பொருள் உண்டு. ஆனால் பறை இழிவின் சின்னமாகப் பிறந்ததன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் தெய்வத்தோடும் யாழோடும் பறையையும் சேர்த்து எண்ணுகின்றது. புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறப்பித்துக் கூறும் நான்கு குடிகளுள் பறையர் குடியும் ஒன்று. பிற்காலத்தில், தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தே குறிக்கின்றன. கருவி மாறவில்லை, அதனை இசைத்தவர்க்குச் சமுதாயம் அளித்த இடமே மாறிற்று.

அவ்விடத்தை மீட்கப் புறப்பட்டவருள் ஒருவர் முனைவர் கே. ஏ. குணசேகரன். இவர் 1955ஆம் ஆண்டு, இன்றைய சிவகங்கை மாவட்டம் இளையான்குடியை அடுத்த மாரந்தையில் எளிய தலித் குடும்பத்தில் பிறந்தார். வறுமையும் சாதிக் கொடுமையும் சூழ வளர்ந்தும் தமிழ் பயின்றார். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பாடல்களை ஏட்டில் எழுதி வைத்ததோடு அமையாமல், 'தன்னானே' கலைக்குழுவின் வாயிலாக அவற்றை ஊர்தோறும் பாடினார். 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரியுண்ட கொடுமையையொட்டிக் கவிஞர் இன்குலாப் இயற்றிய 'மனுசங்கடா' பாடல், இவர் குரலில் தமிழகமெங்கும் ஒலித்தது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக விளங்கினார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 'பலி ஆடுகள்' நாடகத்தால் தலித் அரங்கிற்கு வழி வகுத்தார். 2005இல் வெளிவந்த 'வடு' என்னும் தன்வரலாற்றில், தாம் பட்ட இழிவுகளை ஒளியாது எழுதினார். 2016ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் மறைந்தார்.

இளைஞர்களே, பட்டம் பெற்றபின் பிறந்த சேரியையும் அதன் பாட்டையும் மறைத்துக்கொள்ளும் வழி அவருக்கும் இருந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. சேரியின் பாட்டையே பல்கலைக்கழகத்தின் பாடமாக்கினார்.

அன்று அம்மாணவனுக்குச் சொல்லத் தவறிய மறுமொழி இதுவே: ஊழியம் வேறு, கலை வேறு. பிறர் ஏவலுக்காகச் சாவு வீட்டில் அடிக்க மறுப்பது உன் உரிமை. விரும்பி மேடையில் முழக்குவதும் உன் உரிமை. கூப்பிடுவோர்க்கு "வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவைக் கல்வி தரும். அத்துணிவு வந்தபின் பறையைக் கண்டு நாணவேண்டுவதில்லை.

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் நூலோடு பறையும் இடம்பெறுமாக. ஊர்ப் பெரியோரிடம் எஞ்சியுள்ள அடிகளையும் பாடல்களையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.