117-வது நிமிஷத்துக்கு முன்னாடி

2011 ஜூலை 17, ஃப்ராங்க்ஃபர்ட். பெண்கள் உலகக்கோப்பை ஃபைனல். நம்ம ஊர்ல 18-ம் தேதி விடியக்காலை ரெண்டு மணி தாண்டியாச்சு. எக்ஸ்ட்ரா டைமில் அமெரிக்கா 2-1. 117-வது நிமிஷம் மியாமா அடித்த கார்னர். ஜப்பான் கேப்டன், பத்தாம் நம்பர் ஹொமாரே ஸாவா ஓடி வந்து வலது கால் வெளிப்பக்கத்தால ஒரே தட்டு. 2-2! அப்புறம் பெனால்டியில் 3-1, கோப்பை ஜப்பானுக்கு.

அன்னிக்கு இதை அதிசயம்னுதான் நினைச்சேன். பிறகு ஸாவாவோட கதையைத் தேடிப் படிச்சப்போ, அந்த வார்த்தை தப்புன்னு தோணிச்சு.

ஸாவா 1978-ல் டோக்கியோ பக்கம் பிறந்தவர். பன்னிரண்டு வயசுலேயே யோமியூரி பெலேசா டீம். 1993-ல் பதினைஞ்சு வயசில் தேசிய அணி. பிலிப்பைன்ஸுக்கு எதிரா முதல் மேட்ச்லயே நாலு கோல்!

இதுவரைக்கும் சினிமாக் கதை மாதிரி போகுதா? இங்கேதான் இடி. தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பான்ல பொருளாதாரம் படுத்தது. பெண்கள் லீகை நடத்தின கம்பெனிகள் ஒண்ணொண்ணா கையைக் கழுவின. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்கும் ஜப்பான் தகுதி பெறலை. 1999-ல் ஸாவா அமெரிக்கா போனார். 2001-ல் அங்கே புதுசா வந்த வூசா லீகில் அட்லாண்டா பீட் அணி. நல்லா ஆடினார். 2003 செப்டம்பர்ல, உலகக்கோப்பை தொடங்க சில நாள் இருக்கும்போது, பணமில்லைன்னு லீகையே நிறுத்திட்டாங்க.

திரும்ப ஜப்பான், திரும்ப பெலேசா. 2009-ல் அமெரிக்காவில் இன்னொரு லீக், வாஷிங்டன் ஃப்ரீடம் அணி. 2010 முடிஞ்சதும் அந்த டீம் கைமாறி ஃப்ளோரிடாவுக்குப் போச்சு. 2012-ல் அந்த லீகும் காலி.

நின்ன தரை ஒவ்வொரு தடவையும் நழுவியிருக்கு. திறமை குறைஞ்சு இல்ல, சம்பளம் கொடுக்க ஆள் இல்லாம. ஆனா இந்தம்மா நடு மைதானத்தை விடலை.

2011-க்கே வருவோம். மார்ச்ல நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா. நாலு மாசத்துல உலகக்கோப்பை. கால் இறுதியில் நடப்பு சாம்பியன் ஜெர்மனி, அதுவும் அவங்க ஊர்லயே. 108-வது நிமிஷம் ஸாவா தூக்கிக் கொடுத்த பந்தை கோலாக்கினது கரினா மருயாமா. அவர் முன்னாடி அதே ஃபுகுஷிமா அணு மின் நிலையத்தில் வேலை பார்த்துக்கிட்டே அந்தக் கம்பெனி டீமில் ஆடினவர்! உலகக்கோப்பை அணிக்கு வர்றவங்களுக்கும் பந்து மட்டுமே சோறு போடலைங்கறதுக்கு வேற சாட்சி வேணுமா?

ஃபைனல்ல அமெரிக்காவின் ரெண்டாவது கோலை அடிச்ச ஆபி வாம்பாக் யார் தெரியுமா? வாஷிங்டனில் ஸாவாவோட சேர்ந்து ஆடினவர். மூடிப்போற லீகுகளும் ஏதோ ஒண்ணைக் கத்துக்கொடுத்துட்டுத்தான் போகுது போல :-)

அந்தத் தொடரில் 5 கோல், சிறந்த ஆட்டக்காரர் விருது, அந்த வருஷத்தின் உலகின் சிறந்த வீராங்கனை பட்டம். ஆறு உலகக்கோப்பை, 205 மேட்ச், 83 கோல். 2015 டிசம்பர் 27, பேரரசி கோப்பை ஃபைனல். கடைசி மேட்ச். கோபே அணிக்காக ஒரே கோல், கார்னர்ல இருந்து ஹெட்டர். 1-0. அடிச்சது ஸாவாதான்.

ஜப்பானில் பெண்களுக்கு முழுநேரத் தொழில்முறை லீக் வந்தது 2021-ல். அவர் ஓய்வு பெற்று கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழிச்சு. அதிசயம்னு சொல்லி நகர்ந்துட்டா, இந்தக் கணக்கு நம்ம கண்ணுல படாமலே போயிடும்.