வரவு செலவுத் திட்டமும் தோட்டத் தொழிலாளரும்

அரசாங்கமொன்றின் வரவு செலவுத் திட்டத்தை வெறும் இலக்கத் தொகுதியாக நோக்குதல் பொருந்தாது. வரப்போகும் ஆண்டு பற்றிய எதிர்பார்ப்பும், அது பொய்த்தால் சுமையைத் தாங்குவோர் யாவர் என்ற தீர்மானமும் அதனுள் அடங்கியுள்ளன. மலையகத்தைப் பொறுத்தவரை பின்னையதே முக்கியமானது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். அவர்களுள் ஒருவர் பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் மீது பேசவும் வாக்களிக்கவும் தோட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கு அன்று வாய்ப்பிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அதன் அடித்தளத்தையே அகற்றின. 1952இல் அக்காங்கிரஸின் சார்பில் எவரும் தெரிவாகவில்லை.

மறு ஆண்டே பெருஞ் சோதனை வந்தது. கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ்ந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ ஏறியிருந்தது. துண்டு விழும் தொகையைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலையை 1953 யூலையில் 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வாக்காளரின் சினம் பிரதமரையே அசைக்கவல்லது என்பதை வரலாறு காட்டிற்று. ஆயின், தேயிலை ஏற்றுமதித் தீர்வை வாயிலாகத் திறைசேரியை நிரப்பிய தொழிலாளருட் பெரும்பாலாரிடம் அவ்வாக்கு இருக்கவில்லை.

அதன் விளைவு 1973-74இன் உணவு நெருக்கடியில் வெளிப்பட்டது. பங்கீடு குறைக்கப்பட்டபோது, பயிரிடச் சொந்த நிலமற்ற தோட்ட மக்களே பெரிதும் வாடினர். 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவான பின்னரே, தேர்தலில் வென்ற மலையகக் குரல் சபையில் மீண்டும் ஒலித்தது.

2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக் கொடுப்பனவாக அரசே நாளொன்றுக்கு 200 ரூபா வழங்கவும் முன்மொழியப்பட்டது. வாக்குரிமையற்ற காலத்தையும் இக்காலத்தையும் ஒப்பிடுமிடத்து மாற்றம் தெளிவாகும். எனினும் நிதியுரையைச் செவிமடுப்போர், கிடைக்கும் தொகையோடு நின்றுவிடலாகாது. துண்டு விழும் தொகை எவ்வழியால், எவரது கையிலிருந்து நிரப்பப்படவுள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும். ஒரு பக்கத்திற் கொடுத்ததை மறு பக்கத்தில் அரிசி விலையாக மீளப் பெறலாம் என்பதே 1953 தரும் பாடமாகும்.