கருவி, காலணி, தரை: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் நடையும் புதுக்கோட்டை மாவட்டச் சூழலும்

மூளை முடக்குவாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளோ பாதிக்கப்படுவதால் உடலின் அசைவும் நிலையும் குலைந்துபோவது. மூளையில் ஏற்பட்ட காயம் அதன்பின் பெருகுவதில்லை. ஆனால் அதன் விளைவு, குழந்தை வளர வளர உருமாறிக்கொண்டே இருக்கும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. மூன்று வயதில் கையால் அழுத்தினால் வளைந்துகொடுத்த கணுக்கால், எட்டு வயதில் அசைய மறுக்கிறது. முட்டிக்குக் கீழே கெண்டைக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கருவி, அதாவது மருத்துவமனைகளில் ஏ.எஃப்.ஓ. என்று சொல்லப்படுவது, இந்த இறுக்கத்தைச் சமாளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அது நடையை எவ்வளவு மாற்றும் என்பதற்கான விடை கருவியில் மட்டும் இல்லை. கருவியும் அதன்மேல் போடும் காலணியும் கால் மிதிக்கும் தரையும் சேர்ந்தே நடையைத் தீர்மானிக்கின்றன. ஆய்வுக்கூடங்கள் முதல் இரண்டை அளக்கின்றன. மூன்றாவதைச் சமதளமாக வைத்துக்கொள்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் போன்ற ஒரு நிலப்பகுதியில் கருவியின் பயன் கூடுவதும் குறைவதும் அந்த மூன்றாவதில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ்நாட்டில் கால் கருவி என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது ‘காலிபர்’. இரும்புக் கம்பி, தோல் பட்டை, பூட்ஸ் ஆகியவை சேர்ந்து தொடைவரை ஏறும் அந்தக் கருவி போலியோ காலத்தின் கொடை. போலியோவில் தசை துவண்டுபோகிறது. உடல் எடையைத் தாங்கக் காலுக்கு ஒரு தூண் வேண்டியிருந்தது, காலிபர் அந்தத் தூணாக நின்றது. இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. நோய் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. சொல்லோடு அதன் கற்பனையும் தங்கியிருப்பதுதான் சிக்கல். மூளை முடக்குவாதத்தின் மிகப் பரவலான வகையில் தசை துவள்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. இங்கே கருவிக்குத் தூணின் வேலை சிறிது. தப்பான நேரத்தில் இழுக்கும் தசையைக் கட்டுப்படுத்தி, தரையின் எதிர்விசையை முழங்காலுக்குச் சரியான பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய வேலை. ஆகவே கனமும் உயரமும் கூடினால் பிடிமானம் கூடும் என்ற போலியோ காலக் கணக்கு இங்கே செல்லாது.

இயல்பான நடையில் ஒரு காலின் ஒரு சுற்றை நூறு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ அறுபது பங்கு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கும். நாற்பது பங்கு காற்றில் வீசும். ஊன்றியிருக்கும் நேரத்தில் உடல் மூன்று உருளல்களின் வழியே முன்னே நகர்கிறது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜாக்குலின் பெரி விளக்கினார். முதலாவது குதிகாலின் மேல், இரண்டாவது கணுக்காலின் மேல், மூன்றாவது விரல்களின் அடியில். கெண்டைக்கால் தசை இறுகிய குழந்தைக்கு முதல் உருளலே கிடைப்பதில்லை. குதி ஊன்றாமல் நுனிக்கால் முதலில் தரையைத் தொடும். எதிர்விசை முழங்காலுக்கு முன்பக்கமாகப் போய் முட்டியைப் பின்னோக்கித் தள்ளும். இதை வீட்டிலிருப்பவர்கள் மருத்துவருக்கு முன்பே கண்டுபிடிக்கிறார்கள். செருப்பின் குதிப்பக்கம் வாங்கிய நாள் போலப் புதிதாக இருக்க, முன்னோரம் மட்டும் அரைத்தெடுத்ததுபோல் தேய்ந்திருக்கும். ஒருபக்க பாதிப்பு என்றால் ஒரு செருப்பு தேய்ந்து மற்றது தேயாமல் கிடக்கும். நடை ஆய்வுக்கூடம் இல்லாத ஊரில் இதைவிட நம்பகமான பதிவு வேறில்லை. முதல் பரிசோதனைக்குக் குழந்தையோடு பழைய செருப்பையும் எடுத்துவரச் சொல்வது நல்ல வழக்கம்.

எல்லா நுனிக்கால் நடையும் ஒன்றல்ல. இருகால் பாதிப்புள்ள குழந்தைகளின் நடையை ரோடா, கிரஹாம் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001இல் வகைப்படுத்தினார்கள். ஒரு முனையில், முழங்கால் நீண்டிருக்கக் கணுக்கால் மட்டும் கீழ்நோக்கி நீளும் உண்மையான நுனிக்கால் நடை. மறு முனையில், இடுப்பும் முழங்காலும் மடங்கி, கணுக்கால் அளவுக்குமேல் மேல்நோக்கி வளைந்து, பாதி உட்கார்ந்தபடி நடக்கும் மடங்கு நடை. இடைப்பட்ட ஒன்று கண்ணை ஏமாற்றும். குதி தரையில் படாததால் நுனிக்கால் நடைபோலத் தோன்றும். அளந்து பார்த்தால் கணுக்கால் செங்கோணத்தில் நேராகவே இருக்கும். குதி எழும்பக் காரணம் முழங்கால் மடங்கியிருப்பதுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் கருவி கொடுத்தால் கெடுதல் நேரும். கணுக்காலில் கீல் வைத்த கருவி, முழங்காலில் நல்ல கட்டுப்பாடு உள்ள உண்மையான நுனிக்கால் நடைக்குப் பொருந்தும். பாதம் கீழே தொங்காமல் தடுத்து, மேல்நோக்கி வளைய விடும். அதையே மடங்கு நடைக்காரக் குழந்தைக்குப் போட்டால், கீல் விடும் வழியிலேயே கெண்டைக்கால் மேலும் முன்சாய்ந்து முழங்கால் இன்னும் மடங்கும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது, கணுக்காலை அசையவிடாமல், முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக ஒரு தகடு அணைக்கும் எதிர்விசைக் கருவி. பாதம் தரையை அழுத்தும்போது அந்தத் தகடு கெண்டைக்காலைப் பின்னே தள்ளி முட்டியை நிமிர்த்துகிறது. முழங்கால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டிருந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் அதிகம் திரும்பியிருந்தாலோ இந்த நெம்புகோல் பலிக்காது. குதிநாணை அவசரப்பட்டு, அளவுக்குமேல் நீட்டும் அறுவையும் மடங்கு நடையில் கொண்டுபோய் விடக்கூடும். 1861இல் இந்த நோயை லண்டனில் விரிவாக விவரித்த வில்லியம் லிட்டில், இளமையில் தம் கோணல் பாதத்துக்குக் குதிநாண் அறுவை செய்துகொண்டு பலன் கண்டவர். அவர் பாதத்துக்கு நன்மை செய்த அந்த அறுவை, முறுக்கேறிய காலுக்கும் அப்படியே நன்மை செய்துவிடும் என்று கொள்ள முடியாது.

பொருத்தமான கருவி என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. வெறுங்காலோடு ஒப்பிடும்போது குதிகால் முதலில் ஊன்றுகிறது; வீசும் காலின் நுனி தரையில் இடறுவது குறைகிறது; எட்டு நீளமாகிறது. ஒரு நிமிடத்தில் வைக்கும் எட்டுகளின் எண்ணிக்கை குறைவதால், வேகம் சில குழந்தைகளிடம்தான் தெளிவாகக் கூடுகிறது. நடக்கச் செலவாகும் சக்தியைப் பற்றி ஒரே குரல் இல்லை. 2008இல் மெரெல் பிரெமும் உடனிருந்தோரும் 172 குழந்தைகளின் அளவீடுகளை வெளியிட்டார்கள். கை கால் நான்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் சக்திச் செலவு குறைந்தது. ஒருபக்க பாதிப்பு, இருகால் பாதிப்பு உள்ளவர்களிடம் மொத்தத்தில் மாற்றமில்லை. இழப்பும் உண்டு. கணுக்காலை முழுக்கப் பூட்டும் கருவி, உடலை முன்னே உந்தித்தள்ளும் கெண்டைக்கால் தசையின் வேலையையும் சேர்த்தே பூட்டிவிடுகிறது. பின்பக்கம் மெல்லிய வில்போல வளைந்து நிமிரும் வகை, பாதம் தொங்குவது மட்டுமே குறையாக உள்ள குழந்தைக்கு இந்த இழப்பைக் குறைக்கிறது. ஆனால் முறுக்கு கடுமையாக உள்ள காலை அந்த வில்லால் அடக்க முடியாது.

கருவியைத் தனியாகப் பேசுவது அரைக்கணக்கு என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் எலைன் ஓவன். நடுநிலையில் நிற்கும்போது கெண்டைக்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து முன்பக்கமாகப் பெரும்பாலும் 10 முதல் 12 பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்றார். அந்தச் சாய்வைக் கொடுப்பது கருவிக்குள் இருக்கும் கணுக்காலின் கோணம் மட்டும் அல்ல. அதில் காலணியின் குதி உயரமும் சேரும். கெண்டைக்கால் தசை இறுகிய குழந்தையின் பாதத்தைச் செங்கோணத்தில்தான் நிறுத்துவேன் என்று அடம்பிடித்துக் கருவி செய்தால், ஒன்று முழங்கால் மடங்கும், இல்லையேல் பாதத்தின் நடுப்பகுதி உடைந்ததுபோல் சரியும். பாதம் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படியே கருவியைச் செய்து, குதியின் அடியில் ஆப்பு வைத்துச் சாய்வைச் சரிசெய்வது நல்ல வழி. கணுக்காலின் உருளல் பூட்டப்பட்டுவிட்டால், அதற்கு ஈடாகக் காலணியின் அடிப்பாகத்தை முன்பக்கம் வளைத்துக் கொடுக்கலாம். சுருங்கச் சொன்னால், காலணி இல்லாத கருவி முடிக்கப்படாத கருவி.

புதுக்கோட்டையில் இந்த உண்மை வீட்டு வாசலில் இடறுகிறது. காலணியை வாசற்படிக்கு வெளியே கழற்றிவிடுவது நம் பழக்கம்; கோயில், அங்கன்வாடி, பல தொடக்கப்பள்ளி வகுப்பறைகள் எங்கும் அப்படியே. கருவிக்காகக் கெண்டைக்கால் சாய்வைக் கணக்கிட்டு ஆப்பு வைத்துச் சரிசெய்த காலணி, வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே வருவது வழவழப்பான பிளாஸ்டிக் அடிப்பாகம் மட்டும். மொசைக், டைல்ஸ் தரையில் அது வழுக்கும்; சாய்வும் மாறிப்போகும். கருவியின் அடியில் ரப்பர் ஒட்டுவதும், வீட்டுக்குள் மட்டும் போட இன்னொரு ஜோடி காலணி வைத்துக்கொள்வதும் செலவு குறைந்த மாற்றுகள். அரசு மாணவர்களுக்கு வழங்கும் விலையில்லாக் காலணியும் இந்தக் குழந்தைகளுக்கு அப்படியே உதவாது. கருவி நுழைய ஓரிரு அளவு பெரிய, நாக்குப்பகுதி நன்கு திறக்கும் ஷூ வேண்டும். ஒருபக்க பாதிப்பு என்றால் இரண்டு காலுக்கும் இரண்டு அளவு வேண்டும். குதியைப் பிடிக்காத செருப்பில் கருவி நிற்காது.

தரையில் வாழும் வாழ்க்கை இன்னொரு சோதனை. சம்மணமிட்டுச் சாப்பிடுவது, குந்தி உட்கார்ந்து மலம் கழிப்பது, தரையிலிருந்து எழுவது எல்லாம் கணுக்கால் நன்றாக வளைவதை எதிர்பார்க்கின்றன. பூட்டிய கருவியோடு குந்த முடியாது. கீல் வைத்த கருவியோடு ஓரளவு முடியும். ஆகவே நடை ஆய்வு பூட்டிய கருவியைச் சொல்லும் குழந்தைக்கு, வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறையோ, நாற்காலி போன்ற ஏற்பாடோ உண்டா என்று கேட்பதும் பரிந்துரையின் பகுதியாக வேண்டும். வெறுங்காலும் குந்தலும் சம்மணமும் நம் உடலின் தேவை என்று ஏற்றுக்கொண்டு 1960களின் இறுதியில் ராம் சந்தர் சர்மாவும் பி.கே. சேத்தியும் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். துண்டிக்கப்பட்ட காலுக்குக் கிடைத்த அந்தச் சிந்தனை, முறுக்கேறிய காலுக்கான கருவிக்கு இன்னும் அதே அளவில் வந்து சேரவில்லை.

வெளியே நிலமும் ஒரே மாதிரி இல்லை. அன்னவாசல், குன்றாண்டார்கோயில் பக்கம் பாறையும் சரளையும். நகரைச் சுற்றிச் செம்பூராங்கல் மேடு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்கரை மணல். மணலில் குதி புதையும்போது கெண்டைக்கால் பின்சாய்கிறது. ஆய்வுக்கூடத்தில் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பத்துப் பாகை அங்கே கரைந்துவிடுகிறது. சரளையில் பூட்டிய கணுக்கால் பக்கவாட்டு மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்காததால், தடுமாற்றம் இடுப்புக்கு ஏறுகிறது. மீனவக் குப்பத்துக் குழந்தைக்கு அகலமான அடிப்பாகமுள்ள ஷூவும், கல்லுப்பூமிக் குழந்தைக்கு மெத்தென்ற அடிப்பாகமும் தேவை என்பது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் பரிந்துரைச் சீட்டில் அதை எழுத ஒரு வரி வேண்டும்.

கருவி செய்யும் விதத்தைப் பார்த்தால், அது ஏன் அளவெடுத்தே ஆகவேண்டியது என்பது விளங்கும். காலில் மெல்லிய உறையை மாட்டி, கணுக்காலின் இருபக்க எலும்பு முனைகளிலும் பாதத்தின் உள்வளைவிலும் அழியாத பென்சிலால் குறியிடுவார்கள். நனைத்த பிளாஸ்டர் துணியைச் சுற்றி, அது இறுகும்வரை ஒருவர் குதியைக் கையில் ஏந்திப் பாதத்தைச் சரியான கோணத்தில் பிடித்திருப்பார். அந்த ஓரிரு நிமிடம்தான் கருவியின் தலைவிதி. குழந்தை பயந்து அழுதால் முறுக்கு ஏறும், கோணம் மாறும். அச்சை வெட்டி எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி மாதிரிக் காலைச் செய்து, எலும்பு முனைகளில் இடம்விட்டு, சூட்டடுப்பில் இளகிய பாலிப்ரோப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி, வெற்றிடப் பம்பால் உறிஞ்சி ஒட்டவைக்கிறார்கள். ஓரம் எங்கே வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே விறைப்பு அமைகிறது. கணுக்கால் முனைக்கு முன்னே வெட்டினால் பூட்டு. பின்னே வெட்டினால் வில். போட்ட முதல் நாட்களில் கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் கருவி அந்த இடத்தில் அழுத்துகிறது என்று பொருள். கோடையில் வியர்வையும் வேர்க்குருவும் சேரும். உள்ளே முட்டிவரை பருத்திக் காலுறை போடாமல் இந்த வெயிலில் எந்தக் குழந்தையும் கருவியைத் தாங்காது.

கருவி கிடைக்கும் வழிகள் இருக்கின்றன. உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. கான்பூர் அலிம்கோ நிறுவனத்தின் துணையோடு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மதிப்பீட்டு முகாம்கள் நடக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும், முள்ளூரில் 2017இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்டத்திலேயே உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர்சொல்லியே சேர்த்திருக்கிறது. தமிழகத்திலேயே பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனம், சென்னை வித்யாசாகர், ஆய்க்குடி அமர் சேவா சங்கம் என்று அனுபவம் மிக்க இடங்கள் உள்ளன. வழி இருந்தும் குறை நேர்வது காலத்தில். முகாமில் ஒரு நாள் அளவெடுத்து, வேறொரு நாள் விழா மேடையில் வழங்கும் முறை சக்கர நாற்காலிக்குப் பொருந்தும். வளரும் காலுக்குப் பொருந்தாது. நான்கு வயதுக் குழந்தையின் பாதம் சில மாதங்களிலேயே அளவு மாறிவிடும். குதி உள்ளே இறங்காத கருவி நடையைத் திருத்தாது, புண்ணைத்தான் உண்டாக்கும். வழங்கிய பிறகு பொருத்திப் பார்த்து, சூடுகாட்டி விரித்து, பட்டையை மாற்றித் தரும் ஒரு சிறு பட்டறை வட்டார வள மையங்களோடு இணைந்து சுற்றிவர வேண்டும். மணமேல்குடியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்து ஒரு பட்டையை மாற்றிக்கொள்ளும் தாய், இரண்டாம் முறை வரமாட்டார். கருவி பரணுக்குப் போய்விடும்.

எத்தனை மணி நேரம் போட வேண்டும் என்ற கேள்விக்கு 1988இல் டார்டியூ என்னும் ஆய்வாளரின் குழுவினர் கொடுத்த விடை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கெண்டைக்காலின் உள்தசை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நீண்ட நிலையில் இருந்த குழந்தைகளிடம் சுருக்கம் வளரவில்லை. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நான்கு வரை நடக்கும் பள்ளி நாள் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே கருவி அணியச் சிறந்த இடம் பள்ளி. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்கப்பட வேண்டும். உள்தசை கணுக்காலை மட்டுமே கடக்கிறது. முழங்கால் மடங்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கருவிக்குள் அது நீண்டே இருக்கும். வெளித்தசை முழங்காலையும் கடப்பதால், உட்கார்ந்தவுடன் தளர்ந்துவிடும். அதை நீட்ட, குழந்தை முட்டி நிமிர்த்தி நிற்க வேண்டும். நாளில் சில முறை கரும்பலகை முன்னாலோ, சுவரோரம் உயர்ந்த மேசை முன்னாலோ நின்றபடி எழுதவும் வரையவும் வைப்பது இதற்குப் போதும். கருவியோடு கூடிய ஷூவை வகுப்பறை வாசலில் கழற்றச் சொல்லாமல், உள்ளே மட்டும் போடும் சுத்தமான ஜோடியை அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசிரியர் இடம் கொடுத்தால், ஆறு மணி நேரக் கணக்கு பள்ளியிலேயே நிறைவேறிவிடும்.